வேலை இடத்தில் அடிபட்டால்: சிங்கப்பூருக்குப் புதிதாக வந்த நம் ஆட்களுக்கு

வொர்க் பெர்மிட்டில் வந்து சைட்டிலோ ஷிப்யார்டிலோ வேலை பார்க்கிறீர்கள் என்றால், இதை அடிபடுவதற்கு முன்பே ஒருமுறை படித்து வையுங்கள். அடிபட்ட பிறகு எதையும் நிதானமாகப் படிக்கிற நிலையில் இருக்க மாட்டீர்கள். எனக்கு இடது கையில் இரண்டு விரல் பைப்புக்கு நடுவில் மாட்டி நசுங்கியது. அதற்கப்புறம் இழப்பீடு கைக்கு வரும்வரை அலைந்த அலைச்சலில் பாதி, முதல் வாரத்திலேயே யாராவது விவரம் சொல்லியிருந்தால் தேவைப்பட்டிருக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். வேலையில் அடிபட்டவர்களுக்கு இங்கே தனிச் சட்டம் இருக்கிறது, வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம், நம் ஆட்கள் விக்கா என்பார்கள். இதில் தப்பு யார் மேல் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. உங்கள் கவனக்குறைவால் அடிபட்டது என்று மேனேஜர் சொன்னாலும், வேலை செய்யும்போது, வேலையால் அடிபட்டது என்றால் இழப்பீடு உண்டு. கம்பெனி ஏற்பாடு செய்த லாரியில் சைட்டுக்குப் போகும்போது விபத்து நடந்தாலும் இதில் வரும். குடித்துவிட்டு அடிபட்டது, சண்டை போட்டு அடிபட்டது, வேண்டுமென்றே காயப்படுத்திக்கொண்டது, இவையெல்லாம் வராது. வீட்டு வேலைக்கு வந்த பெண்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, அவர்களுக்கு வேறு ஏற்பாடு.

1. முதலில் ஆஸ்பத்திரி, அங்கே நீங்களே பேசுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

பெரிய அடி என்றால் 995-க்கு ஆம்புலன்ஸ் கூப்பிடச் சொல்லுங்கள். சின்ன அடி போலத் தெரிந்தால் கம்பெனி வழக்கமாகப் போகும் கிளினிக்குக்குக் கூட்டிப்போவார்கள். கூடவே ஆபீசிலிருந்து ஒருவர் வருவார். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் டாக்டர் "எப்படி நடந்தது" என்று கேட்கும்போது பதில் சொல்வது அவராகத்தான் இருக்கும், அதுவும் இங்கிலீஷில். அவர் சொல்வதை டாக்டர் கம்ப்யூட்டரில் தட்டிவிடுவார். ஆறு மாதம் கழித்து இன்சூரன்ஸ்காரர் முதலில் எடுத்துப் பார்ப்பது அந்த வரியைத்தான்.

என் கூட இருந்த ஒரு தம்பிக்கு முதுகில் அடி. சாரத்திலிருந்து இறங்கும்போது விழுந்தவன். கிளினிக் தாளில் "டார்மிட்டரி பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்" என்று இருந்தது. அவன் அப்படிச் சொல்லவே இல்லை, கூட வந்தவர் சொன்னது. அந்த ஒரு வரியை மாற்ற அவன் பட்ட பாடு, வலியைவிடப் பெரியது.

அதனால் டாக்டரிடம் நீங்கள் வாய் திறந்து சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: எங்கே, எத்தனை மணிக்கு, என்ன வேலை செய்யும்போது, எது மேலே விழுந்தது அல்லது எதிலிருந்து விழுந்தேன். உடைந்த இங்கிலீஷ் போதும். அதுவும் வராது என்றால் தமிழ் தெரிந்த நர்ஸ் இருக்கிறாரா என்று கேளுங்கள், அரசு ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் யாராவது இருப்பார்கள். வலிக்கிற இடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். விரல் நசுங்கிய வலியில் தோள்பட்டை வலியைச் சொல்லாமல் விட்டுவிட்டு, இரண்டு மாதம் கழித்துத் தோள் தூக்க முடியவில்லை என்றால், அது இந்த விபத்தில் வந்தது என்று நம்ப வைப்பது கஷ்டம்.

கிளினிக்கில் கொடுத்த சிகிச்சை சரியில்லை, வலி குறையவில்லை என்றால் நீங்களாகவே அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போகலாம். கூ டெக் புவாட், இங் தெங் ஃபோங், தான் டோக் செங், எது பக்கமோ அது. நூறு வெள்ளிக்கு (வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர்) மேல் கட்டணம் வரும், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நான் அப்படித்தான் அன்றைக்கு ராத்திரியே போனேன். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு தெரிந்ததும் அங்கேதான்.

2. கம்பெனிக்கு எழுத்தில் சொல்லுங்கள்

சூப்பர்வைசருக்குத் தெரியும், ஃபோர்மேன் பார்த்தார் என்று இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள், தமிழிலேயே போதும்: "இன்று காலை 10.20-க்கு மூன்றாவது வேலைப் பகுதியில் பைப் இறக்கும்போது என் இடது கை நசுங்கியது, இன்னார் கூட இருந்தார்." நாளும் நேரமும் தானாகவே பதிவாகிவிடும்.

எம்சியோ (டாக்டர் தரும் மருத்துவ விடுப்புச் சீட்டு) லைட் டியூட்டியோ (லேசான வேலை மட்டும்) கிடைத்த வேலை விபத்து எதுவாக இருந்தாலும், கம்பெனிக்குத் தெரிந்த நாளிலிருந்து 10 நாளுக்குள் மனிதவள அமைச்சுக்கு, அதாவது எம்ஓஎம்-முக்கு, ரிப்போர்ட் செய்தாக வேண்டும். ஒரு நாள் எம்சியாக இருந்தாலும் சரி. "மூணு நாளுக்கு மேல எம்சி இருந்தாத்தான் ரிப்போர்ட்" என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். அது பழைய கணக்கு, 2020 செப்டம்பரிலிருந்து மாறிவிட்டது.

இதே நேரத்தில் நீங்கள் சேர்க்க வேண்டிய காகிதங்கள்:

- எம்சி சீட்டு, மருந்துச் சீட்டு, அப்பாயின்ட்மென்ட் கார்டு, ரசீது, எல்லாவற்றின் போட்டோவும். அசலைக் கம்பெனி கேட்டால் போட்டோ எடுத்த பிறகு கொடுங்கள்.
- கடந்த 12 மாதச் சம்பளச் சீட்டு. கொடுக்கவில்லை என்றால் கேளுங்கள், விவரமான சம்பளச் சீட்டு கொடுப்பது கம்பெனியின் கடமை.
- பேங்க்கில் சம்பளம் ஏறிய விவரம், ஐபிஏ கடிதம் (வேலைக்கு வருமுன் கிடைத்த அனுமதிக் கடிதம்), வொர்க் பெர்மிட்டின் இரண்டு பக்கமும்.
- ஓடி (ஓவர்டைம்) நேரம் குறித்த டைம் கார்டு. இது ஏன் முக்கியம் என்று கீழே சொல்கிறேன்.
- விபத்து நடந்த இடத்தின் படம், பார்த்தவர்களின் பெயர், போன் நம்பர். பார்த்தவர் அடுத்த மாதம் ஊருக்குப் போயிருக்கலாம், ஊர் நம்பரும் வாங்கி வையுங்கள்.

எல்லாவற்றையும் ஊரில் இருக்கும் அண்ணனுக்கோ மனைவிக்கோ ஒரு காப்பி அனுப்பிவிடுங்கள். போன் தொலைந்தாலும் காகிதம் இருக்கும்.

3. எம்சி காலத்தில் சம்பளம்

எம்சியில் இருந்தால் சம்பளம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆஸ்பத்திரியில் சேராமல் வாங்கிய எம்சி என்றால் 14 நாள் வரையும், ஆஸ்பத்திரி விடுப்பு என்றால் 60 நாள் வரையும் முழுச் சம்பளம். அதற்கு மேல் மூன்றில் இரண்டு பங்கு. விபத்து நடந்த நாளிலிருந்து ஒரு வருடம் வரை இது உண்டு. டாக்டர் லைட் டியூட்டி எழுதிக் கொடுத்த நாட்களுக்கும் இதே மாதிரிதான் கணக்கு. வழக்கமான சம்பள நாளிலேயே கொடுக்க வேண்டும், கேஸ் முடியட்டும் என்று இழுக்கக் கூடாது.

முழுச் சம்பளம் என்றால் எது? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், மட்டும் இல்லை. விபத்துக்கு முந்தைய 12 மாதம் நீங்கள் வாங்கிய சம்பளத்தின் மாதச் சராசரி, அதில் ஓடியும் சேரும். 12 மாதம் ஆகவில்லை என்றால் வேலை செய்த மாதங்களின் சராசரி. பேசிக் 700 வெள்ளி, ஓடியோடு சேர்த்துச் சராசரியாக 1,200 வெள்ளி வாங்கிக்கொண்டிருந்தவர் என்றால், 1,200-தான் கணக்கு. மூன்றில் இரண்டு பங்கு என்றாலும் மாதம் 800 வெள்ளி, அதாவது பேசிக்கைவிடக் கூடுதல். டைம் கார்டைப் பத்திரமாக வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

எம்சி இருக்கும்போது "சும்மா வந்து உட்கார், வருகை போட்டுக்கலாம்" என்று கூப்பிட்டால் போகாதீர்கள். வருகை போட்டுவிட்டால் எம்சி எடுக்கவில்லை என்று ஆகிவிடும்.

4. ஆஸ்பத்திரிச் செலவு

விக்காவில் மருத்துவச் செலவு 53,000 வெள்ளி வரை, அல்லது விபத்திலிருந்து ஒரு வருடம் வரை, எது முந்துகிறதோ அதுவரை. இது 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துகளுக்கு. அதற்கு முன்னால் நடந்தது என்றால் 45,000. பிசியோதெரபியும் இதில் சேரும். அது போக, வொர்க் பெர்மிட்காரர்களின் மருத்துவச் செலவு எப்படியும் கம்பெனியின் பொறுப்பு. உங்கள் சம்பளத்தில் பிடித்தால் எம்ஓஎம்-மில் சொல்லலாம்.

ஆபரேஷன் தேவைப்பட்டால் ஆஸ்பத்திரி கம்பெனியிடம் உத்தரவாதக் கடிதம் கேட்கும், எல்ஓஜி என்பார்கள். கடிதம் வராமல் ஆபரேஷன் தேதி தள்ளிப்போவது அடிக்கடி நடக்கிறது. அப்படி ஆனால் ஆஸ்பத்திரியின் சமூக சேவகரிடம் பேசுங்கள், அதே நாளில் எம்ஓஎம்-முக்கும் கூப்பிடுங்கள். காத்துக்கொண்டே இருக்காதீர்கள், எலும்பு காத்திருக்காது.

5. எம்ஓஎம்-மில் கேஸ் பதிவாகியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்

"கம்பெனி ரிப்போர்ட் பண்ணிட்டாங்க" என்ற பேச்சை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். விபத்து நடந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் இழப்பீட்டுக்கு உரிமை கோர வேண்டும். எம்ஓஎம் நம்பர் 6438 5122. கூப்பிட்டு உங்கள் எஃப்ஐஎன் நம்பர் (வொர்க் பெர்மிட்டில் இருக்கும் அடையாள எண்) சொல்லி, ரிப்போர்ட் வந்திருக்கிறதா, கேஸ் நம்பர் என்ன, எந்த இன்சூரன்ஸ் கம்பெனி பார்க்கிறது என்று மூன்று கேள்வி கேளுங்கள். கம்பெனி ரிப்போர்ட் செய்யவே இல்லை என்றால் நீங்களே செய்யலாம். வொர்க் பெர்மிட்காரர்களுக்கும் சிங்பாஸ் என்ற அரசு இணையக் கணக்கு உண்டு, அதை வைத்து எம்ஓஎம் இணையத்தளத்தில் போட முடியும். நேரில் போக வேண்டும் என்றால் பெண்டமியர் ரோட்டில் எம்ஓஎம் சேவை நிலையம் இருக்கிறது, அப்பாயின்ட்மென்ட் எடுத்துவிட்டுப் போங்கள்.

இதற்கு வக்கீல் வேண்டாம், கட்டணமும் கிடையாது. காசு கொடுத்தால் சீக்கிரம் முடித்துத் தருகிறேன் என்பவர் யாராக இருந்தாலும் விலகிப் போங்கள்.

6. எவ்வளவு கிடைக்கும், எப்போது

விரல் மடங்கவில்லை, முதுகு குனியவில்லை என்று நிரந்தரமாக ஏதாவது நின்றுவிட்டால் அதற்குத்தான் மொத்தத் தொகை. விபத்திலிருந்து ஆறு மாதம் ஆன பிறகு டாக்டர் பார்த்து இத்தனை சதவீதம் என்று எழுதுவார். அந்த ஆறு மாதமும் அப்பாயின்ட்மென்ட்டைத் தவற விடாதீர்கள், வலி இருக்கிறது என்பதற்கு அந்தப் பதிவுகள்தான் சாட்சி.

தொகைக்கான கணக்கு: மாதச் சராசரிச் சம்பளம், வயதுக்கு ஏற்ற ஒரு எண், ஊன சதவீதம், மூன்றையும் பெருக்குவது. இதற்குக் கீழ் எல்லையும் மேல் எல்லையும் உண்டு. 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்து என்றால் முழு ஊனத்துக்குக் குறைந்தது 116,000 வெள்ளி, அதிகம் 346,000. அதற்கு முன் 97,000-மும் 289,000-மும். உங்களுக்கு 8 சதவீதம் வந்தால் இந்த எல்லைகளில் 8 சதவீதம், அதாவது புதிய கணக்கில் 9,280-க்குக் குறையாமல், 27,680-க்கு மேல் போகாமல். வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, சம்பளமும் குறைவு என்பவருக்கு இந்தக் கீழ் எல்லை பெரிய பாதுகாப்பு. உயிரிழப்பு என்றால் குடும்பத்துக்குக் குறைந்தது 91,000, அதிகம் 269,000.

கணக்கு முடிந்ததும் தொகை போட்ட நோட்டீஸ் ஒன்று வரும். அதில் சம்பளச் சராசரி சரியா, சதவீதம் சரியா என்று பாருங்கள். ஒப்புக்கொள்ளவில்லை என்றால் 28 நாளுக்குள் எழுத்தில் மறுப்புத் தெரிவிக்க வேண்டும். கம்பெனிக்கும் இன்சூரன்ஸுக்கும் அதே உரிமை உண்டு, அதனால் அவர்கள் மறுத்துவிட்டார்கள் என்றதும் பயந்துவிட வேண்டாம், எம்ஓஎம் கூப்பிட்டுப் பேசும். நோட்டீஸ் டார்மிட்டரி முகவரிக்கு வந்து, நீங்கள் வேறு டார்மிட்டரியில் இருந்தால் நாள் ஓடிவிடும். அறை மாறினால் உடனே முகவரியையும் போன் நம்பரையும் எம்ஓஎம்-மில் மாற்றுங்கள்.

இதற்கு நடுவில் "ஐயாயிரம் வாங்கிக்கோ, இதில் கையெழுத்துப் போடு, ஊருக்குப் போ" என்று ஒரு காகிதம் நீட்டலாம். இழப்பீடே வேண்டாம் என்று எழுதி வாங்கினாலும் சட்டப்படி அது செல்லாது. ஆனாலும் போடாதீர்கள், செல்லாது என்று சொல்லவே நீங்கள் தனியாக அலைய வேண்டிவரும்.

7. வக்கீல் வைத்து வழக்குப் போடலாமா

போடலாம். ஆனால் விக்காவும் வழக்கும் இரண்டும் சேர்ந்து முடியாது, ஒன்றைத்தான் எடுக்க முடியும். சிவில் வழக்கில் கம்பெனியின் அலட்சியம் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும், ஜெயித்தால் மேல் எல்லை இல்லை, தோற்றால் ஒன்றும் இல்லை, செலவு வேறு. காலக்கெடு விபத்திலிருந்து 3 வருடம். காயம் ரொம்பப் பெரியது, கம்பெனியின் தப்பு பளிச்சென்று தெரிகிறது, சாட்சியும் இருக்கிறது என்றால் யோசிக்கலாம். மற்றபடி நம் ஆட்களில் பெரும்பாலோருக்கு விக்காதான் சரி என்பது என் கருத்து.

லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் ஞாயிற்றுக்கிழமை கட்டுப் போட்ட கையோடு நடந்தால் யாராவது வந்து பேசுவார்கள். "அண்ணே, எனக்குத் தெரிஞ்ச வக்கீல் இருக்கார், இப்ப காசு வேண்டாம், வர்ற பணத்துல பங்கு கொடுத்தா போதும்." இந்த மாதிரி நீதிமன்ற வழக்குக்குப் பங்கு பேசி வாதாட வக்கீல்களுக்கு இங்கே அனுமதி இல்லை, ஆள் பிடித்துக் கொடுக்கக் கமிஷன் கொடுப்பதும் கூடாது. படிக்காமல் நீங்கள் போடும் கையெழுத்து, உங்கள் சார்பில் அந்த வக்கீல் எல்லாம் செய்யலாம் என்ற அதிகாரமாக இருக்கும். விக்கா கேஸை விலக்கிக்கொண்டதே தெரியாமல் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் வக்கீல் ஆலோசனை வேண்டும் என்றால் புரோ போனோ எஸ்ஜி என்ற அமைப்பு நடத்தும் இலவச சட்ட ஆலோசனையைக் கேளுங்கள். அரசின் சட்ட உதவிப் பிரிவு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான்.

8. அதிகாரி வாக்குமூலம் எடுத்தால்

பெரிய விபத்து என்றால் எம்ஓஎம் அதிகாரியோ போலீஸோ உங்களிடம் வாக்குமூலம் எடுப்பார்கள். அடிபட்டவர் நீங்கள், பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கு முந்தின நாள் "பெல்ட் போட்டிருந்தேன்னு சொல்லு, பயிற்சி கொடுத்தாங்கன்னு சொல்லு" என்று பாடம் சொல்லிக் கொடுப்பார்கள். அதைச் சொல்லாதீர்கள். அதிகாரியிடம் பொய் சொல்வது குற்றம், சொல்லிக் கொடுத்தவர் பக்கத்தில் வந்து நிற்க மாட்டார், உங்கள் கையெழுத்துதான் நிற்கும்.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். எழுதி முடித்ததும் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள், தப்பு இருந்தால் திருத்தச் சொல்லிவிட்டு அப்புறம் கையெழுத்து. தெரியாததற்குத் தெரியாது என்றே சொல்லலாம்.

விபத்தில் அடிபட்டது வேறொருவர், கிரேனோ ஃபோர்க்லிஃப்டோ ஓட்டியது நீங்கள் என்றால் நிலைமை வேறு. அப்போது உங்கள் மேலேயே குற்றச்சாட்டு வரலாம். உங்களைக் குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய விஷயத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று போலீஸ் விசாரணையில் கட்டாயம் இல்லை. குற்றம் சாட்டப்பட்டால் வெளிநாட்டவரும் விண்ணப்பிக்கக்கூடிய குற்றவியல் சட்ட உதவித் திட்டம் ஒன்று இருக்கிறது, கிளாஸ் என்பார்கள், அதையும் புரோ போனோ எஸ்ஜிதான் நடத்துகிறது. வருமானம் பார்த்துத்தான் ஏற்பார்கள். கோர்ட் தேதி வந்த பிறகு ஓடாமல் குற்றச்சாட்டுக் காகிதம் கைக்கு வந்த அன்றே கேளுங்கள்.

9. பெர்மிட்டை கேன்சல் செய்துவிட்டால்

பெர்மிட் போனால் கேஸும் போய்விடும் என்று மிரட்டுவார்கள். போகாது. சிகிச்சைக்கோ கேஸுக்கோ இங்கே இருக்க வேண்டியிருந்தால் ஸ்பெஷல் பாஸ் என்ற தற்காலிகத் தங்கும் அனுமதி கொடுப்பார்கள். அதில் இருக்கும் காலாவதித் தேதியைத் தவறாமல் பார்த்துப் புதுப்பியுங்கள்.

ஸ்பெஷல் பாஸில் கையில் காசு இல்லாமல் இருக்கும்போது தெரிந்தவர் இரண்டு நாள் வேலைக்குக் கூப்பிடுவார். அனுமதி இல்லாமல் வேலை செய்து பிடிபட்டால் 20,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். அடிபட்டவராக நின்ற நீங்கள் குற்றவாளியாக நிற்க வேண்டிவரும். சாப்பாட்டுக்கே கஷ்டம் என்றால் வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் டிடபிள்யூசி2 அமைப்பு லிட்டில் இந்தியாவில் கஃப் ரோடு பெயரில் நடத்தும் இலவசச் சாப்பாடு இருக்கிறது, போய்க் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஹெல்த்சர்வ், ஹோம் இரண்டு அமைப்புகளும் உதவுவார்கள். ராத்திரி நேரத்தில் ஏர்போர்ட்டுக்குக் கட்டாயமாகக் கூட்டிப்போகிறார்கள் என்றால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணி நேர நம்பர் 6536 2692, இப்போதே போனில் போட்டு வையுங்கள். ஏர்போர்ட்டில் குடிநுழைவு அதிகாரியிடம் "வேலைக் காய கேஸ் இருக்கிறது, எனக்குப் போக விருப்பம் இல்லை" என்று நேரடியாகவே சொல்லலாம்.

எம்சிக் காசு தவிர வேறு சம்பளப் பாக்கி இருந்தால் அது விக்காவில் வராது, சம்பளத் தகராறுகளைப் பார்க்கும் டாடம் என்ற அமைப்பில் தனியாகப் போட வேண்டும். வேலையில் இருந்தால் பாக்கி விழுந்து ஒரு வருடத்துக்குள், வேலையை விட்டிருந்தால் கடைசி நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள்.

ஊருக்குத் திரும்பிய பிறகும் விக்கா கேஸ் தொடரும். கிளம்பும் முன் எம்ஓஎம்-முக்கும் இன்சூரன்ஸுக்கும் ஊர் முகவரி, ஊர் போன் நம்பர், ஈமெயில், பணம் போட வேண்டிய பேங்க் கணக்கு எல்லாம் கொடுத்துவிட்டு, கொடுத்ததற்கு ஒரு பதில் ஈமெயில் வந்த பிறகே விமானம் ஏறுங்கள். பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் பேங்க் கணக்கில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கிறதா, அப்பா பெயர் முன்னே பின்னே மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்குப் பணம் திரும்பிப் போனது இந்த ஒரு காரணத்தால்தான்.